முப்பத்தொன்பதரை

இந்திரா நகரில், நாய்க்குட்டி விற்கும் கடைக்கு மேலே,
இரண்டாம் மாடியில் என் அறை.
கீழே குரைப்புக் கேட்டால் இங்கே
புல்லாங்குழலைக் கொஞ்சம் கூட்டி வைப்போம்.

மசாஜுக்குப் படுக்கும் முன் ஒரு தாள் உண்டு.
பதினேழு கேள்வி.
மேலிருந்து கீழே ஒரே கோடாகப் பேனாவை இழுத்து
இல்லை இல்லை இல்லை என்று முடித்துவிடுவார்கள்.
ஏனூ இல்லா மேடம், பேக மாடி.

எதுவும் இல்லை என்றவரின் பனியன் கழன்றதும்
கழுத்துக்குழியிலிருந்து நெஞ்சுக்குழிவரை ஒரு தையல்.
ஆறு வாரம்கூட ஆகியிருக்காது, இன்னும் ரோஜா நிறம்.
ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை?
அது நோய் இல்லையே, காலையில் ஒன்று போடுவேன், அவ்வளவுதான்.
அவ்வளவுதான். அழுத்தினால்
மறுநாள் முதுகெல்லாம் நாவல்பழம் நசுங்கியிருக்கும்.
காய்ச்சலோடும் வருகிறார்கள், வேர்த்தால் போய்விடுமாம்.
மூன்றாம் மாதத்தை வீட்டில் இன்னும் சொல்லாத பெண்
எனக்கும் சொல்லவில்லை.
கவிழ்ந்து படுக்கத் தயங்கிய அரை நொடி சொன்னது.

சர்க்கரை இருக்கிறதா என்றால்
"கொஞ்சம்" என்பார்கள்,
காப்பிக்குக் கேட்டதுபோல.

அப்படி ஒரு கொஞ்சம், நான் வேலைக்கு வந்த வருஷம்.
ஓய்வுபெற்ற வங்கிக்காரர்.
சூடான கல்லைப் பாதத்தில் வைத்துக் கேட்டேன்,
சூடு சரியா சார்?
சரி, சரி, என்றார். குறட்டை விட்டார்.
கல்லை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது.
அப்போதும் அவர் குறட்டை நிற்கவில்லை.
அவர் காலுக்குத் தெரியாததை
என் கை தெரிந்திருக்க வேண்டும்.
அன்றிலிருந்து தாளை நானே வாசிக்கிறேன்,
முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாக.
நேரம் வீணாகிறது என்று ஆளைப் பொறுத்து
மூன்று மொழியில் திட்டுவார்கள்.

செவ்வாய் சாயங்காலம் நிகேதன் ஷெட்டி வந்தார்.
ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து விடியற்காலைதான் இறங்கியவர்.
மனைவி கொடுத்த பரிசுக் கூப்பன், அன்றோடு காலாவதி.
இடது கெண்டைக்கால் பிடித்திருக்கிறது,
நன்றாக அழுத்திவிடு, என்றார்.
சாக்ஸைக் கழற்றினார்.
வலது காலில் எலாஸ்டிக் தடம் ஒரு கோடு.
இடது காலில் அது வாய்க்கால்.
தோல் பளபளத்தது. கை வைக்காமலே வெக்கை தெரிந்தது.

என் தங்கை சவரி ரவிக்கை தைப்பவள்.
அவளுடைய டேப் ஒன்று என் கைப்பையில் எப்போதும் கிடக்கும்.
வலது முப்பத்தாறு சென்டிமீட்டர்.
இடது முப்பத்தொன்பதரை.
மறுபடி அளந்தேன். முப்பத்தொன்பதரை.

சார், இது வெறும் பிடிப்பு இல்லாமலும் இருக்கலாம்.
உள்ளே ரத்தம் உறைந்திருந்தால்
நான் அழுத்த அழுத்த அது கிளம்பும்.
கிளம்பினால் நுரையீரலில் போய் அடைக்கும்.
இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்,
காலை ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

நீ டாக்டரா?
இல்லை சார்.
பிறகு?

அந்தப் பிறகுக்கு என்னிடம் பதில் இல்லை.
கத்தினார். மேனேஜர் லால்ரின்புயி ஓடிவந்து
கூப்பனை ஒரு மாதம் நீட்டித்தாள், இஞ்சி டீ கொடுத்தாள்,
ஆஸ்பத்திரி இருக்கும் தெருவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.
இடது சாக்ஸ் ஏற நேரமெடுத்தது.
அவர் படி இறங்குவதை உள்ளிருந்து எண்ணினேன்.
இருபத்திரண்டு.
பிறகு நாய்கள் குரைத்தன.

ஆஸ்பத்திரிக்குப் போனாரோ, பக்கத்துக் கடைக்குப் போனாரோ.
இந்த ரோட்டில் எங்களைப்போல் இன்னும் ஒன்பது இருக்கின்றன,
கேள்வி கேட்காமல் கால் பிடித்துவிட.
கூப்பன் இன்னும் திரும்பி வரவில்லை.
அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு.

தாளின் அடியில் 'செய்த சிகிச்சை' என்று ஒரு கட்டம்.
அழுத்தவில்லை, என்று எழுதினேன்,
லால்ரின்புயிக்குப் படிக்கத் தெரியாத தமிழில்.

கிண்ணத்தில் சுடவைத்த எண்ணெயைத்
திரும்பப் பாட்டிலில் ஊற்றக்கூடாது.
என் கட்டைவிரல் கணு வீங்கி இரண்டு வருஷமாகிறது.
என்னிடம் யாரும் பதினேழு கேள்வி கேட்டதில்லை.
ஆறுவதற்குள் கொஞ்சம் எடுத்துத் தடவிக்கொண்டேன்,
மேலாக.